எம்முக்குப் பின்னால் நிற்கும் பி

எழுத்துகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், அவை நம்மைப் போலவே பேசும், கோபித்துக்கொள்ளும், பிள்ளை பெற்று வளர்க்கும். எழுத்து மட்டும் இல்லை, காற்றும் பேசும்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர் நாடு. இங்கிலீஷ் பேசுகிறவர்களின் நாடு. அங்கே வெயிலை விடக் காற்று அதிகம். அந்தக் காற்றுக்கு ஒரு குறை இருந்தது. அதற்கென்று சொந்தமாகச் சத்தம் கிடையாது. மரத்தில் பட்டால் மரத்தின் சத்தம், கூரையில் பட்டால் கூரையின் சத்தம். அதனால் மற்றவர் சத்தத்தின் மேல் அதற்குத் தீராத ஆசை. யார் வாய் திறந்தாலும் பாய்ந்து வந்து பறித்துக்கொண்டு போய்விடும். ஒரு தாய் வாசலில் நின்று "சாப்பிட வா" என்று கூப்பிட்டால், "சாப்பிட" என்பதைக் காற்று எடுத்துக்கொள்ளும், "வா" மட்டும் போய்ச் சேரும். பிள்ளை விளையாட்டை விட்டு ஓடி வந்து, எதற்குக் கூப்பிட்டாள் என்று தெரியாமல் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இப்படியே போனால் பேச்சே இல்லாமல் போய்விடும் என்று அந்த நாட்டு மனிதர்கள் எழுத்துகளிடம் போய் உதவி கேட்டார்கள். எழுத்துகள் சரி என்றன. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சத்தத்தை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு மரப்பலகையில் வரிசையாக நிற்கும். சொல் வேண்டியவர் வந்து முதல் எழுத்தின் தலையிலிருந்து விரலை ஓட்டுவார். விரல் தலையில் பட்டதும் எழுத்து தன் சத்தத்தைக் கொடுக்க வேண்டும். விரல் கடைசித் தலையைத் தாண்டும்போது சொல் முழுசாக வந்துவிடும்.

வரிசைக்கு இரண்டு கட்டுப்பாடு இருந்தது. ஒன்று, வரிசையில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் எழுத்தே வேறாகிவிடும், சொல் கெட்டுப்போகும். அதனால் யாருக்கும் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும், பின்னால் நிற்பவரின் குரல்தான் தெரியும். இன்னொன்று, முன்னால் நிற்பவர் சொன்னால் பின்னால் நிற்பவர் கேட்க வேண்டும். சொன்ன சொல்லைச் சொன்னவரேதான் திரும்ப எடுக்க முடியும். வேறு யார் வந்து சொன்னாலும் செல்லாது.

எடித் என்று ஒரு பெண். ஆடு மேய்க்கிறவள். அவளுடைய ஆட்டுக்கொட்டில் வாசல் பலகையில் நாலு எழுத்துகள் வேலை பார்த்தன. அவர்கள் பாஷையில் ஆட்டுக்குட்டி என்பதற்கான வரிசை அது. முதலில் எல். ஒல்லியாக, நெட்டையாக நிற்பான். அடுத்தது ஏ. குட்டையாகக் கூன் போட்டவள். மூன்றாவது எம். மூன்று காலூன்றி நிற்கிற பெண். கடைசியில் அவள் மகன், சின்னவன், பி.

சாயங்காலம் எடித் வந்து விரலை ஓட்டுவாள். எல் நாக்கைச் சுழற்றி ஆரம்பித்துக் கொடுப்பான், ஏ இழுப்பாள், எம் உதட்டைக் கூட்டி ஒலிப்பாள், கடைசியில் பி "ப்" என்று கதவு சாத்துவது போலச் சாத்துவான். அந்தச் சத்தம் கேட்டதும் மேட்டில் மேய்கிற குட்டிகளெல்லாம் துள்ளிக்கொண்டு வந்து கொட்டிலுக்குள் போகும். அந்தக் கடைசி "ப்" கேட்டால்தான் அவற்றுக்கு வீடு ஞாபகம் வரும்.

ஆனால் பி சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. விரல் படாமலே வாய் திறப்பான். மத்தியானம், எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில் "ப், ப், ப்" என்பான். பாதிக் குட்டிகள் மேய்ச்சலை விட்டு ஓடி வந்துவிடும். எடித் சமையலை விட்டு ஓடி வருவாள்.

"எம்மு, உன் மகன் வாய்க்கு யாராவது ஒரு தையல் போட்டா தேவலை" என்பான் எல், முன்னால் பார்த்தபடியே.

"உங்க வாய்க்குப் போட்ட பிறகு போடுங்கண்ணே."

"நான் என்ன, கூப்பிட்டா பேசுறவன். இவன் கூப்பிடாம பேசுறவன்."

"மாமா" என்பான் பி பின்னாலிருந்து, "உங்க முதுகு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. ஏ சித்தி கூன், அம்மா அகலம். நீங்க இருக்கீங்களா, இல்ல எங்கயாவது போயிட்டீங்களா?"

"இருக்கேன்டா."

"சத்தம் குடுத்தாத்தானே தெரியும். அதான் நானும் சத்தம் குடுக்கேன். நான் இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியணும்ல."

ஏ சிரிப்பாள். எம் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது உண்மையாகவே வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்க முடியாத தாய்க்குப் பிள்ளை போடுகிற சத்தம்தான் பிள்ளை. அடுப்படியில் நிற்கும்போது கூடத்தில் பிள்ளை சத்தம் போட்டால் எரிச்சலாக இருக்கும். சத்தம் நின்றுபோனால்தான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவோம். அவளால் ஓடவும் முடியாது.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டு வந்தது. கொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கேட் இருந்தது. அந்தக் கேட்டின் மேலே "கேட்" என்ற சொல்லுக்கு ஜி, ஏ, டி, ஈ என்று நாலு பேர் நின்றார்கள். கடைசியில் நின்ற ஈ வயதில் மூத்தவள். பி அவளைப் பெரியம்மா என்பான். ஒருநாள் காலையில் எடித் அங்கே விரலை ஓட்டினாள். கொட்டிலில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு சத்தமாகக் கேட்டது. மூன்று சத்தம் வந்தது. நாலாவது வரவில்லை.

"ஜி அண்ணே" என்று எம் குரல் கொடுத்தாள். "ஈ அக்காவுக்கு என்ன?"

ஜி அங்கிருந்து சொன்னான்: "விடியக்காலையில காத்து வந்துச்சும்மா. கடைசியில நிக்கிறது யாருன்னு கேட்டுச்சு. நாங்க என்னத்தச் சொல்ல, அக்காவே நான்தான்னு சொல்லிருச்சு. அவ்வளவுதான். வாயில கையை விட்டு அள்ளிட்டுப் போயிருச்சு. பின்னால ஆள் இருந்தா அண்டாதாம். முதுகுப் பக்கம் காலியா நிக்கிறவங்களத்தான் தேடி வருதாம்."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நிக்குது. பாதி வாய் திறந்தமேனிக்கு நிக்குது. உள்ள ஒண்ணுமில்ல."

அன்றைக்குச் சாயங்காலம் எடித் வந்து போன பிறகு, "அண்ணே" என்றாள் எம், எல்லிடம். "இவனை எனக்கு முன்னால நிக்க வச்சிட்டு நான் பின்னால போறேன். ஒரு குளிர்காலத்துக்கு மட்டும்."

கேலி பேசுகிற ஆள் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

"மாத்தி நின்னா சொல் மாறிரும் எம்மு. குட்டிக்கு விளங்காது. பனியில வெளியவே கிடந்து செத்துப்போகும். எடித் ஒத்தப் பொம்பளை, அந்தக் குட்டிகளை நம்பித்தான் அவளும் அவ பிள்ளையும் இருக்காங்க."

"அப்ப இவன்?"

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதைத்தான் எல்லும் செய்தான். தொண்டையைச் செருமினான்.

"பி" என்றாள் எம், திரும்பாமல்.

"என்னம்மா?"

"அம்மா சொல்றதக் கேக்கணும்."

"சொல்லு."

"உன் சத்தத்த வாயில வச்சுக்கோ. உதட்டை மூடிக்கோ. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. யார் வந்து கேட்டாலும், விரலே தலையில பட்டாலும், திறக்கக் கூடாது. நான் சொல்லணும். புரியுதா?"

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான். காத்து போனதும் சொல்லிருவேன்."

"முழுங்கிட்டா?"

"முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. வச்சிருக்கணும். என் தங்கம்ல."

"சரி" என்றான் பி. பிறகு, "அம்மா, மூடிட்டேன்" என்றான்.

"மூடிட்டவன் பேசுவானா?" என்றாள் ஏ. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அவன் குரலை அவர்கள் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் பொழுது விடிந்து பனி விலகும் நேரத்தில் காற்று வந்தது. காற்றுக்குக் கண் கிடையாது. காதுதான். பலகை ஓரமாகத் தடவிக்கொண்டே வந்து நின்றது.

"இங்கே எத்தனை பேர்?"

யாரும் பேசவில்லை.

"மூச்சு கேக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு." காற்று இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. பி மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டு நின்றான். கன்னம் உப்பியது, வயிறும் உப்பியது. "மூணாவதா நிக்கிறது யாரு?"

"நான்" என்றாள் எம்.

"உனக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?"

எழுத்துகள் பொய் சொல்வதில்லை. என்ன சத்தமோ அதைத்தான் சொல்லும், அதற்காகத்தான் மனிதர்கள் அவற்றை நம்பினார்கள். எல்லுக்கு அது தெரியும், ஏவுக்கும் தெரியும். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குப் பின்னால யாருமில்ல" என்றாள் எம்.

"நிசமாவா?"

"எனக்குப் பின்னால யாருமில்ல."

இரண்டாவது தடவை சொல்லி முடிக்க அவள் வாய் திறந்திருந்த நேரத்தில் காற்று கையை விட்டது. ஆனால் அவள் மூன்று காலூன்றி நிற்கிறவள். சத்தம் முழுவதும் வரவில்லை, பாதிதான் கழன்றது. உதட்டைத் திறக்கிற பாதியைக் காற்று கொண்டுபோனது. உதட்டை மூடிக்கொண்டு முனகுகிற பாதி அவளிடம் நின்றுவிட்டது.

காற்று மேட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் ஏ காத்திருந்தாள். பிறகு, "அக்கா, போயிருச்சு. பிள்ளைகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"ம்ம்" என்றாள் எம்.

"வாய் திறக்கச் சொல்லுங்கக்கா."

"ம்ம்ம்."

எம் தன் உதட்டைப் பிரிக்கப் பார்த்தாள். நெற்றி நரம்பு தெறிக்கிற மாதிரி முயன்றாள். உதடு ஒட்டினது ஒட்டினதுதான். "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பின்னால் பி காத்துக்கொண்டு நின்றான். அம்மா சொல்வாள் என்று நின்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் எடித் விரலை ஓட்டினாள். எல் கொடுத்தான், ஏ கொடுத்தாள், எம் முனகினாள். பி கொடுக்கவில்லை. எடித் திரும்பவும் அவன் தலையில் தட்டினாள். அவன் கண்ணீர் வர நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. சொல் சாத்தாமல் அப்படியே நின்றது. குட்டிகள் வந்தன, ஆனால் கொட்டில் வாசலில் நின்று இன்னும் ஏதோ வரவேண்டும் என்பது போலத் தயங்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாலு நாளில் அதற்கும் பழகிக்கொண்டன.

பனி உருகிப் புல் முளைத்தது. எல் சொல்லிப் பார்த்தான். "டேய், மாமா சொல்றேன்டா. காத்து தெக்கே போயிருச்சு. வாயைத் தொற. இனிமே உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா, நாள் பூராவும் கத்து." ஏ சொல்லிப் பார்த்தாள். கேட்டிலிருந்து ஜி கத்திச் சொன்னான். அவர்கள் யாரும் அவன் வாயைப் பூட்டியவர்கள் இல்லை. பூட்டியவள் முன்னால் நின்று "ம்ம், ம்ம்" என்றுகொண்டிருந்தாள். அதற்குத் "திற" என்று அர்த்தமா, "திறக்காதே" என்று அர்த்தமா? சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக இருந்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

கோடையில் ஆஸ்வின் என்பவர் வந்தார். ஊர் ஊராகப் போய் வரிசைகளைப் பார்க்கிறவர். காற்று அந்த வருஷம் நிறைய எழுத்துகளின் சத்தத்தைப் பறித்திருந்தது. சத்தம் இல்லாமல் நிற்கிற எழுத்துகளைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவது அவர் வேலை. இடுப்பில் அந்தக் கத்தியைச் செருகியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பழுது பார்க்கிறவர்களுக்கு இருக்கிற அவசரம்தான் அவருக்கு.

முதலில் கேட்டுக்குப் போனார். ஈயின் தலையில் தட்டினார். சத்தம் வரவில்லை. கத்தியை எடுத்தார்.

"ஐயா, அவங்களை எடுத்துராதீங்க" என்று அங்கிருந்த ஏ சொன்னாள். "அவங்க பின்னால நிக்கிற தைரியத்துலதான் நான் என் பேரை முழுசாச் சொல்றேன். அவங்க போயிட்டா எனக்குக் குரல் அமுங்கிரும்."

ஆஸ்வின் ஈயைக் கையால் மறைத்துவிட்டு விரலை ஓட்டிப் பார்த்தார். அது உண்மையாக இருந்தது. "பேசலேன்னாலும் வேலை செய்யறா. நிக்கட்டும்" என்று கத்தியைச் செருகிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். எடித் தன் மகள் ஹில்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒன்றரை வயதுப் பிள்ளை. கட்டைவிரலை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

விரல் ஓடியது. எல். ஏ. எம். பியின் தலையில் வந்து நின்றது.

"இவன்?"

"பேச மாட்டான்" என்றாள் எடித்.

"இவன் இருந்து யாருக்காவது குரல் ஏறுதா?"

எல் பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. "இல்லைங்கய்யா. ஆனா நல்ல பிள்ளை" என்றான்.

"நல்ல பிள்ளையை வச்சு என்னப்பா செய்ய?" ஆஸ்வின் கத்தியை எடுத்தார். குனிந்து எம்மிடம் கேட்டார்: "ஏம்மா, உனக்குப் பின்னால நிக்கிறது யாரு?"

"ம்ம்ம்" என்றாள் எம்.

"என்ன சொல்றா இவ?"

"காத்து கேட்டப்போ, பின்னால யாருமில்லன்னு சொன்னாங்கய்யா" என்றாள் ஏ. உண்மையைச் சொல்லியே பழகியவள். சொன்ன பிறகுதான், அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குப் பட்டது.

"அவளே சொல்லிட்டாளே. பிறகென்ன" என்று ஆஸ்வின் கத்தி முனையைப் பியின் முதுகில் வைத்தார்.

"பேசிரு தம்பி" என்றாள் ஏ. "ஒரே ஒரு தடவை. ப்-னு சொல்லிரு, விட்டுருவாங்க."

"சொல்லுடா" என்றான் எல். அழுதுவிட்டான்.

எம் ஒன்றும் பார்க்க முடியாமல் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். முனகல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ம்ம்ம்ம்ம் என்று, அடுப்பில் தண்ணீர் கொதிக்கப் போகும்போது பாத்திரம் போடுகிற சத்தம் மாதிரி. பி கத்தியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முதுகையே பார்த்தான். அம்மா இன்னும் சொல்லவில்லை.

கத்தி பலகையில் கீறியது. கொஞ்சம் மரத்தூள் உதிர்ந்தது.

"நிறுத்துங்க" என்றாள் எடித். பிள்ளையை இன்னோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "இவன் கன்னத்தைப் பாருங்க."

"ஏன், என்ன?"

"உப்பியிருக்கு. காலி வாய் இப்படி இருக்காது. ஈயைப் பாத்தீங்கள்ல, அவ வாய் காலி. இவன் எதையோ வச்சிருக்கான். எம்பொண்ணு வாயில கல்லைப் போட்டுக்கிட்டு, நான் துப்புன்னு சொல்ற வரைக்கும் இப்படித்தான் நிப்பா. இது ஊமைப் பிள்ளை இல்லைங்க. யாரோ சொல்லி வச்ச பிள்ளை."

ஆஸ்வின் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் எங்கேயோ பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

"சத்தம் வராத எழுத்தை வச்சுக்கிட்டா வாசிக்கிறவன் குழம்புவான்மா."

"இடந்தானே. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார். "சரி, நிக்கட்டும். ஆனா இனிமே யாரும் இவன் தலையில தட்ட வேண்டாம். விரலைத் தாண்டிக் கொண்டுபோயிருங்க. அவ சொன்னபடியே ஆகட்டும், அவளுக்குப் பின்னால யாருமில்லன்னே வாசிப்போம்." போகிற ஊரிலெல்லாம் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளையைக் காப்பாற்றத் தாய் ஒருதரம் சொன்ன பொய் அப்படி நாடு முழுவதும் உண்மையாகிப் போனது.

அன்றைக்குப் பி பிழைத்துவிட்டான் என்று எம்முக்குத் தெரிந்தது. ஆனால் மறுநாள்? அதற்கடுத்த குளிர்காலம்? அவன் பேசுவதில்லை. யாரும் அவன் தலையில் தட்டுவதும் இல்லை. அவனுக்குப் பின்னால் நின்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. எடித்தை எப்படிக் கேட்பாள்? வருகிறவர்களிடமெல்லாம் "ம்ம்?" என்பாள். அவர்கள் சொல் முடிந்தது என்று விரலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஹில்டாவுக்கு நாலரை வயது ஆனது. ஒரு சாயங்காலம் அம்மாவுக்குக் கை வேலையாக இருந்தது என்று, தானே முக்காலியைப் போட்டு ஏறிப் பலகையில் விரலை வைத்தாள். அவளுக்கு ஆஸ்வினையும் தெரியாது, அவர் வைத்த சட்டமும் தெரியாது. எல்லில் தொடங்கி ஒவ்வொரு தலையாக அழுத்தித் தொட்டுக்கொண்டு வந்தாள். எம்மைத் தாண்டியதும் விரல் நிற்கவில்லை. அடுத்த தலையில் போய் உட்கார்ந்தது. பி வாய் திறக்கவில்லை. ஹில்டா அவன் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவன் சொல்ல வேண்டியதைத் தானே சொன்னாள்.

"ப்."



"அங்க தொடக் கூடாது ஹில்டா" என்று உள்ளேயிருந்து எடித் சொன்னாள். "எம்மோட நிறுத்திரணும். அதுக்குப் பின்னால யாருமில்ல."

"இருக்கானே" என்றாள் ஹில்டா. "நிக்கிறானேம்மா."

எல் மூச்சு விட மறந்தான். ஏ கூனை நிமிர்த்தப் பார்த்தாள். எம் முனகுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நிக்கிறான். நிக்கிறான் என்று பிள்ளை சொல்லுகிறது. மேட்டில் மேய்ந்த குட்டிகள் அன்றைக்குப் பழையபடி துள்ளிக்கொண்டு வந்தன. நேரே உள்ளே போயின.

மறுநாள் ஹில்டாவுக்குச் சரியாக வாசிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவளும் கற்றுக்கொண்டாள். பிறகு அவள் அந்தத் தலையைத் தொடவில்லை.

வெகு காலம் கழித்து மனிதர்கள் எழுத்துகளைப் பலகையிலிருந்து எடுத்துப் புத்தகத்தில் அடைத்தார்கள். மூடியும் திறந்தும் வைத்ததில் எழுத்துகள் தங்களுக்குள் பேசுவதை விட்டுவிட்டன. எம்மை வேறு சொற்களில் வேலைக்கு நிறுத்தும்போதும் அந்தப் பிள்ளையைப் பின்னால் நிறுத்தித்தான் கூட்டிப் போனார்கள். தலை வாருகிற சீப்புக்கு எழுதும்போது அவள் பின்னால் அவன் நிற்கிறான். பிள்ளை சப்புகிற கட்டைவிரலுக்கு எழுதும்போது நிற்கிறான். பிள்ளை கிடந்த கருப்பைக்கு எழுதினாலும், கடைசியில் போய்ப் படுக்கிற கல்லறைக்கு எழுதினாலும் அம்மாவுக்குப் பின்னால் கன்னத்தை உப்பிக்கொண்டு அப்படியேதான் நிற்கிறான். அவள் இன்னும் சொல்லவில்லை.

படித்தவர்கள் கண் அவனைத் தாண்டிப் போய்விடும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் தாண்டத் தெரியாது. அதுவும் நம் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாது. நம் பாஷையில் நிற்க வைத்த எழுத்தெல்லாம் வாய் திறந்துவிடுமே. அதனால் சீப்பைக் "கோம்ப்" என்றும் கட்டைவிரலைத் "தம்ப்" என்றும் சத்தமாக வாசிக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். வாத்தியார் தலையில் குட்டுவார். நாமும் அப்படி வாசித்துக் குட்டு வாங்கினவர்கள்தான். உங்கள் பிள்ளை அப்படி வாசித்தால் திருத்துங்கள், திருத்தத்தான் வேண்டும். ஆனால் உடனே திருத்திவிடாதீர்கள். ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரந்தான் எம்முக்குத் தன் பிள்ளையின் சத்தம் கிடைக்கும்.

அன்றைக்கு மூடிய வாய்தான், இங்கிலீஷில் எம்முக்குப் பின்னால் கடைசியாக நிற்கிற பி இன்றைக்கும் திறப்பதில்லை. அந்த எம்மும் அன்றிலிருந்துதான் சொல்லைச் சாத்தாமல் "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டு, பின்னால் பிள்ளை இருக்கிறானா என்று காது கொடுத்தபடியே நிற்கிறாள்.